சமையலறையில் சரணாகதி

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். உள்ளே அவளுடைய மகள். தாயின் கையில் ஜபமாலை உருள்கிறது. உதடுகள் மந்திரத்தை உச்சரிக்கின்றன. மனமோ அந்தக் கதவின் மீதே நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவளது நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பதைப்பின் நடுவே இன்னொரு வேதனையும் அவளுள் எழுகிறது: ‘இருபது ஆண்டுகளாக நாள் தவறாமல் ஜபம் செய்கிறேன். இருந்தும் இப்படி நடுங்குகிறேனே! அப்படியானால் எனக்கு பகவானிடம் நம்பிக்கையே இல்லையா?’

முதல் வேதனை தாய்மார் அனைவருக்கும் பொதுவானது. இரண்டாவது வேதனை பக்தர்களுக்கே உரியது. கடவுளை நினைக்காதவன் கவலைப்படும்போது கவலை மட்டுமே படுகிறான். பக்தனோ கவலைப்படுவதற்காகவும் சேர்த்துக் கவலைப்படுகிறான். இந்த இரண்டாவது வேதனை நியாயமானதுதானா? கவலை எழுவதாலேயே நம்பிக்கை பொய்யாகி விடுமா?

இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவ மரபின் சான்றோர் மிக ஆழமாக எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தைக் கேட்பது ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்தவர்களுக்குப் புதிதன்று. சுவாமி விவேகானந்தர் தமது பரிவ்ராஜக நாட்களில் பகவத்கீதையுடன் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ என்னும் நூலையும் உடன் வைத்திருந்தார். 1889-இல் அதன் சில அத்தியாயங்களை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். 1886 டிசம்பரில் ஆந்த்பூரில், துனி அக்கினியின் முன் அமர்ந்து, இயேசுவின் தியாக வாழ்வை அவர் எடுத்துரைக்க, சகோதரச் சீடர்கள் துறவை ஏற்க உறுதி பூண்டனர். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது அவர்களுக்குப் பிறகே தெரிய வந்தது.

நம்பிக்கையின் இரு பொருள்கள்

தமிழில் ‘நம்புதல்’ என்னும் சொல் இரு விதமாக வழங்குகிறது. ‘கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்’ என்பது ஒன்று. ‘கடவுளை நம்புகிறேன்’ என்பது மற்றொன்று. முதலாவது ஒரு கருத்தை ஏற்பது. அது புத்தியின் செயல். இரண்டாவது ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது. அது முழு மனிதனின் செயல். ஆற்றைக் கடக்க இந்த ஓடம் போதுமானது என்று கரையில் நின்று நம்பலாம். ஓடக்காரனை நம்புகிறவன் ஓடத்தில் ஏறி அமர்கிறான்.

இவ்விரண்டும் கலந்துவிடும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. ‘மகள் பிழைத்துவிடுவாள் என்று நம்புகிறேன்’ என்பதைத் தாய் ‘பகவானை நம்புகிறேன்’ என்பதற்குச் சமமாக எண்ணி விடுகிறாள். ஆனால் முன்னது எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கணிப்பு. கணிப்பு தவறக்கூடும், ஆகவே அதில் நடுக்கம் இருப்பது இயல்பே. பின்னது ஓர் உறவு. மகள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அந்த உறவு இருக்கத்தான் செய்யும். கணிப்பில் ஏற்படும் நடுக்கத்தைக் கொண்டு உறவின் ஆழத்தை அளக்க முயல்வது, வெப்பமானியைக் கொண்டு எடையை அறிய முயல்வது போன்றது.

எனினும், உறவு இருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? உணர்ச்சியைக் கொண்டு அறிய முடியாதென்றால் வேறு அளவுகோல் எது? இதற்கு விடையாக அமைந்திருப்பது, பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் சமையலறையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை.

ஒரு சமையற்காரத் துறவி

நிக்கோலா ஹெர்மன் என்பது அவரது இயற்பெயர். இன்று பிரான்சின் பகுதியாக உள்ள லொரேனில், 1614-ஆம் ஆண்டளவில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். இன்னும் சில நாட்களில் இது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணத்தோடு இறைவனின் ஆற்றலைப் பற்றிய ஓர் உணர்வு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அது பிறகு நீங்கவே இல்லை. முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காயமுற்றதால் வாழ்நாள் முழுவதும் கால் ஊனத்துடன் நடந்தார். பிறகு ஒரு செல்வரிடம் ஏவலாளாக இருந்தார். எடுத்ததையெல்லாம் உடைத்து வைக்கும் ஒழுங்கற்ற ஏவலாள் என்பது அவர் தம்மைப் பற்றிச் சொன்ன மதிப்பீடு.

1640-இல் பாரிஸில் கார்மேல் சபையின் மடத்தில் சேர்ந்து ‘சகோதரர் லாரன்ஸ்’ ஆனார். குருப்பட்டம் பெறாத, உடலுழைப்புக்கென்றே உள்ள துறவிகளின் வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது. பணி, சமையலறை. சமையல் வேலையில் அவருக்கு இயல்பாகவே பெரும் வெறுப்பு இருந்தது. அங்கேயே சுமார் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. பின்னாட்களில் மடத்துத் துறவிகளின் செருப்புகளைச் செப்பனிடும் வேலைக்கு மாற்றப்பட்டார். 1691 பிப்ரவரியில் மறைந்தார். பெரிய நூல் எதையும் அவர் எழுதவில்லை. 1666 முதல் அவரைச் சந்தித்து உரையாடிய பொஃபோர் என்னும் குருவானவர் குறித்து வைத்த சில உரையாடல்களும், லாரன்ஸ் எழுதிய சில கடிதங்களும், அவரது மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்டன. ‘இறைச் சந்நிதியைப் பயிலுதல்’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியிருக்கும் அந்தச் சிறு நூல் இப்படி உருவானதுதான்.

அவர் பயின்றது மிக எளியது. வாணலியில் முட்டை அடையைத் திருப்பும்போது அதை இறைவனிடம் கொண்ட அன்பின் பொருட்டுத் திருப்பினார். வேறு வேலை இல்லாதபோது தரையில் கிடந்த ஒரு துரும்பை எடுப்பதானாலும் அதே அன்பின் பொருட்டு எடுத்தார். பாத்திரங்களின் ஓசை நடுவே, பலர் பலவற்றைக் கேட்டு நிற்கும் வேளையிலும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதியுடன் இறைவனோடு இருக்க அவரால் முடிந்தது.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்கிவர பர்கண்டி பகுதிக்கு அவர் அனுப்பப்பட்டார். வியாபாரம் அவருக்கு வராது. கால் ஊனத்தால் படகில் நடமாடவும் இயலாது. பீப்பாய்களின் மீது உருண்டுதான் நகர வேண்டியிருந்தது. ‘இது உன் காரியம்’ என்று இறைவனிடம் விட்டுவிட்டு அவர் புறப்பட்டார். காரியமும் நன்றாகவே முடிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘உன் காரியம்’ என்று சொன்னவர் மடத்தில் படுத்துறங்கவில்லை. ஊனமுற்ற காலுடன் பீப்பாய்களின் மீது உருண்டு சென்றார். உழைப்பு முழுவதும் அவருடையது. பாரம் மட்டும் இறைவனுடையது.

திரும்பி வருதல்

இத்தகையவருக்குக் கவலையே எழுந்திருக்காது என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. துறவு வாழ்வின் முதல் பத்தாண்டுகள் பெரும் மனத் துன்பத்தில் கழிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். தமக்கு மீட்பே இல்லை, நரகமே கதி என்ற எண்ணம் சுமார் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. யாருடைய ஆறுதல் மொழியாலும் அது தீரவில்லை. முடிவில் அவர் ஓர் உறுதிக்கு வந்தார்: மீட்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உயிருள்ளவரை தாம் செய்வதை இறைவன் மீதுள்ள அன்புக்காகவே செய்வது, அதற்கப்பால் தமக்கு நேரப்போவது எதுவோ அதை அவனிடமே விட்டு விடுவது. அந்த உறுதிக்குப் பின் அமைதி வந்தது.

அமைதியை விரும்பி அவர் இந்த முடிவுக்கு வரவில்லை என்பதே இதில் சிறப்பு. தமது மீட்பைக்கூட அவர் பேரத்திலிருந்து விலக்கிக் கொண்டார். கர்மத்தைச் செய், பலனில் உரிமை கொண்டாடாதே என்று குருக்ஷேத்திரத்தில் பகவான் போதித்த அதே நிலை இது. கீதையைப் படித்திராத ஒரு சமையற்காரர் தமது துயரத்தின் வழியாக அங்கே வந்து சேர்ந்தார்.

மனம் இறைவனை விட்டு நழுவும்போது அவர் செய்ததும் இதே எளிமை கொண்டது. தவறை ஒப்புக்கொள்வார், ‘என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன், திருத்த வேண்டியவன் நீ’ என்ற பாவனையில் முறையிடுவார், மீண்டும் வேலையில் ஈடுபடுவார். நழுவியதைப் பற்றி வருந்திக்கொண்டே இருப்பதில்லை. ஏனெனில் அந்த வருத்தத்தின் மையத்தில் இருப்பது இறைவன் அல்ல. ‘நான் இப்படி ஆகிவிட்டேனே’ என்னும் அகங்காரமே அங்கு வீற்றிருக்கிறது.

மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் தாய்க்கு உரிய விடை இங்கே கிடைக்கிறது. கவலை எழுவது மனத்தின் இயல்பு. அது பெற்ற மனத்தின் அன்பிலிருந்து எழுவது. கவலை எழுந்த பின் மனம் எங்கே திரும்புகிறது என்பதே நம்பிக்கையின் அளவுகோல். ஒரு மணி நேரத்தில் நூறு முறை மனம் கதவை நோக்கி ஓடலாம். நூறு முறையும் அது இறைவனிடம் திரும்பி வந்தால், அந்தத் தாய் நூறு முறை இறைவனை நம்பியவள் ஆகிறாள்.

இன்றைய அப்பம்

மலைப்பொழிவில் இயேசு வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி, உணவுக்கும் உடைக்கும் கவலைப்பட வேண்டாம் என்கிறார். இதைக் கேட்டு, ‘அப்படியானால் உழைக்க வேண்டாமா?’ என்று கேட்பவர் உண்டு. பறவைகள் விதைப்பதில்லை, ஆனால் விடியற்காலையில் கூட்டை விட்டுப் பறக்கின்றன, மாலை வரை இரை தேடுகின்றன. அவற்றிடம் இல்லாதது நாளைய தினத்தைப் பற்றிய அச்சமே. தம் சீடர்களுக்கு இயேசு கற்றுத் தந்த பிரார்த்தனையில் இடம் பெறும் வேண்டுதலும் அன்றைய நாளுக்கான அப்பமே. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்குக் கிடைத்த மன்னா என்னும் உணவை அன்றன்று சேகரிக்க வேண்டும். மறுநாளைக்கென்று பதுக்கினால் அது புழுத்துவிடும் என்று பழைய ஏற்பாடு சொல்கிறது. இறைவனின் அருளும் அத்தகையதே. நாளை வரப்போகும் துன்பத்தைத் தாங்கும் வலிமை இன்றே தரப்படுவதில்லை. நாளைய பாரத்தை இன்றைய வலிமையால் சுமக்க முயல்பவன் தளர்ந்து போகிறான்.

நாளைக்கான அச்சம் வேண்டாம் என்பதற்கு நாளைக்கான பொறுப்பு வேண்டாம் என்று பொருளல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் முல்லர் (1805–1898) இதற்குத் தெளிவான உதாரணம். 1836-இல் ஒரு வாடகை வீட்டில் அனாதைக் குழந்தைகளுக்காக இல்லம் தொடங்கினார். 1870-க்குள் ஆஷ்லி டவுன் குன்றில் ஐந்து பெரிய கட்டிடங்கள் எழுந்தன. ஒரே சமயத்தில் சுமார் இரண்டாயிரம் குழந்தைகளுக்கு அங்கே இடம் இருந்தது. எவரிடமும் நேரில் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையைப் பிரார்த்தனையில் மட்டுமே வைப்பது என்பது அவரது விரதம். அவரது வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தனர்.

முல்லரைப் பற்றிப் பேசுவோர் அவரது பிரார்த்தனைகள் நிறைவேறிய கதைகளையே பெரிதும் சொல்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: வந்த தொகைகளுக்கு அவர் நுணுக்கமாகக் கணக்கு வைத்து, அதை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டார். இறைவன் தருவான் என்று உறுதியாக நம்பியவரே இறைவன் தந்ததற்குக் கணக்குக் காட்டும் கடமையையும் உணர்ந்திருந்தார்.

வைணவ ஆசாரியர்கள் சரணாகதிக்கு ஆறு அங்கங்கள் கூறினர். இறைவன் நிச்சயமாகக் காப்பான் என்னும் மகாவிசுவாசம் அவற்றுள் ஒன்று. ஆயினும் வரிசையில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது, அவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்னும் சங்கல்பம். இரண்டாவது, அவனுக்கு உகவாததை விலக்குவேன் என்னும் உறுதி. விசுவாசம் அவற்றிற்குப் பின்னரே வருகிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் ‘அவன் பார்த்துக்கொள்வான்’ என்பவன் சரணாகதியின் முதற்படியிலேயே கால் வைக்கவில்லை. படிக்காத மாணவனும், மருந்துண்ண மறுக்கும் நோயாளியும், குடும்பத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்காத தலைவனும் தங்கள் சோம்பலுக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் நம்பிக்கை அல்ல.

கேட்டது கிடைக்காதபோது

இதுவரை பார்த்தவை ஒரு வகையில் எளியவை. கேட்டது கிடைக்காதபோது என்ன சொல்வது? கதவு திறந்து, வெளியே வரும் மருத்துவர் தலை கவிழ்ந்து நின்றால் அந்தத் தாய் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இந்த இடத்தில் சுற்றியிருப்போர் இழைக்கும் கொடுமை ஒன்றுண்டு. ‘இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு பிரார்த்தித்திருக்கலாம்’ என்று ஆறுதல் போலச் சொல்லப்படும் வார்த்தை, புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறது. பழைய ஏற்பாட்டில் யோபு என்னும் நல்லவர் செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்தபோது, நண்பர்கள் வந்து, ‘நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்’ என்று வாதிட்டார்கள். யோபுவோ இறைவனிடமே நேருக்கு நேர் முறையிட்டார், வழக்காடினார். முடிவில் இறைவன் கடிந்துகொண்டது இறைவனுக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்களை! அழுவதும் முறையிடுவதும் நம்பிக்கைக்கு விரோதமல்ல. முறையிடுபவன் இறைவனிடமே முறையிடுகிறான். உறவு அறுந்துவிடவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இயேசுவின் வாழ்விலேயே இது வெளிப்படுகிறது. சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனித் தோட்டத்தில் அவர் துயரத்தால் கலங்கினார். இந்தத் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று தந்தையிடம் வேண்டினார். உடனேயே, தம் விருப்பமன்று, தந்தையின் சித்தமே நிறைவேறட்டும் என்றார். கிண்ணம் அகலவில்லை. அவரது கலக்கத்தைக் கண்டு அவருக்கு நம்பிக்கை இல்லை என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்வதில்லை. விருப்பத்தை மறைக்காமல் வைப்பதும், விருப்பத்தை அவன் சித்தத்துக்கு உட்படுத்துவதும் ஒரே பிரார்த்தனையின் இரு பாதிகள்.

பிரான்சின் லிசியே நகரில், லாரன்ஸின் அதே கார்மேல் மரபைச் சேர்ந்த மடத்தில் பதினைந்து வயதிலேயே துறவு வாழ்வில் நுழைந்தவர் ‘சிறுமலர்’ என்று போற்றப்படும் புனித தெரேசா. 1896-இல் காசநோயின் முதல் அறிகுறியாக அவர் வாயிலிருந்து இரத்தம் வெளிப்பட்டது. சில நாட்களில் அதனினும் கொடிய சோதனை தொடங்கியது. அவருக்கு எப்போதும் ஆறுதலாக இருந்த விண்ணுலக எண்ணம் இருளில் மறைந்தது; அப்படி ஒன்று இல்லவே இல்லை என்ற எண்ணங்கள் மனத்தைச் சூழ்ந்தன. 1897 செப்டம்பர் 30-இல், இருபத்து நான்காம் வயதில் அவர் இறக்கும்வரை அந்த இருள் பெரும்பாலும் விலகவில்லை. அந்த மாதங்களிலும் இளந்துறவியருக்கு வழிகாட்டினார். உடல் இடம் கொடுத்தவரை மடத்தின் சிறு பணிகளைச் செய்தார். உடனிருந்தோரிடம் புன்னகையுடன் பழகினார். தம் சமயத்தின் விசுவாச அறிக்கையைத் தமது இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதுவரையிலான தம் வாழ்நாள் முழுவதையும்விட அந்த ஓராண்டில் தாம் செய்த விசுவாசச் செயல்கள் அதிகம் என்று அவர் குறித்திருக்கிறார். உணர்ச்சி வற்றிய இடத்தில் நம்பிக்கை தூய்மையான செயலாக மாறியது. 1997-இல் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர் என்னும் உயரிய பட்டம் அளித்தது.

முல்லருக்கும் எல்லாப் பிரார்த்தனைகளும் கேட்டபடியே நிறைவேறிவிடவில்லை. நாற்பதாண்டு காலம் தம்முடன் உழைத்த மனைவி மேரியை 1870-இல் இழந்தார். அவரது இறுதிச் சடங்கில் முல்லரே பேசினார். இறைவன் நல்லவர் என்பதே அந்தப் பேச்சின் பொருளாக இருந்தது. இரண்டாயிரம் குழந்தைகளுக்கு உணவு வந்தபோது அவர் இறைவனைப் பற்றி எதைச் சொன்னாரோ, அதையே கல்லறையருகிலும் சொன்னார்.

பூனைக்குட்டியின் குரல்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் பூனைக்குட்டியை உதாரணமாகக் காட்டுவார். குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்கிறது. பிடி நழுவினால் விழுந்துவிடும். பூனைக்குட்டியோ தாய் வைத்த இடத்தில் இருக்கிறது. தாய் அதைச் சில வேளைகளில் சமையலறையில் வைக்கிறது. சில வேளைகளில் மெத்தையின் மீது வைக்கிறது. குட்டிக்குத் தெரிந்தது தாயை அழைப்பது ஒன்றே.

இந்த உவமையில் பலரும் கடந்து சென்றுவிடும் ஒரு குறிப்பு, அந்தக் குட்டி குரல் கொடுக்கிறது என்பது. அது கல்லைப் போல் கிடப்பதில்லை. பசித்தால் கத்துகிறது, பயந்தால் கத்துகிறது. அழுகையே அதன் சரணாகதி. ஏனெனில் அது தாயை நோக்கியே அழுகிறது. லாரன்ஸை அவரது தாய் பதினைந்து ஆண்டுகள் சமையலறையில் வைத்தாள். தெரேசாவை நோய்ப்படுக்கையில் வைத்தாள். மெத்தையில் வைத்தவள் எவளோ, அவளே அங்கும் வைத்தாள் என்று இருவரும் அறிந்திருந்தார்கள்.

இந்த அறிவு பெரிய சோதனை வரும் நாளில் திடீரென உதிப்பதன்று. அது அன்றாடச் செயல்களில் சிறிது சிறிதாகச் சேர்வது. பேருந்து தாமதமாகும்போது, அலுவலகத்தில் உழைப்புக்கு உரிய மதிப்புக் கிடைக்காதபோது, அடுப்பில் பால் பொங்கி வழியும்போது, மனம் ஒரு கணம் இறைவனிடம் திரும்பி, பிறகு கையிலுள்ள வேலைக்குத் திரும்புமானால், அதுவே பயிற்சி. சமையலறையில் ஆயிரம் முறை திரும்பக் கற்ற மனத்துக்கு மருத்துவமனையிலும் திரும்பும் வழி தெரிந்திருக்கும்.

அறுவை சிகிச்சை அறையின் கதவு இன்னும் திறக்கவில்லை. தாயின் விரல்கள் நடுங்குகின்றன. மாலை நின்று போகிறது. அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த மணியை நகர்த்துகிறாள். பக்கத்தில் அமர்ந்து விம்மும் இன்னொரு நோயாளியின் மனைவிக்குத் தன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறாள். தனக்கு நம்பிக்கை இல்லையே என்று அவள் இன்னும் வருந்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அவளது அந்த நடுங்கும் விரல்களில் இருப்பது நம்பிக்கையே. அதை அவள் அறியாவிட்டாலும் அவளுடைய பகவான் அறிவார்.